லங்காவியில் ஒரு வாரம் பாய்ப்படகு: நெல்லைக் கூட்டாளிகளுக்கு

(ஒவ்வொரு ஊர்ப்பேருக்குக் கீழயும் அந்த ஊருக் கூட்டாளி சொல்றது.)

பாளையங்கோட்டை:
மலேசியாவுல லங்காவித் தீவுப் பக்கம் வாடகைக்குப் பாய்ப்படகு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாச் சுத்தணும்னு பேச்சு வந்தா, "தூத்துக்குடி பக்கமே தீவு கிடக்கே, எதுக்கு மலேசியா?"ன்னு ஒருத்தராவது கேப்பாக. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவு இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா 1986லயே தேசியப் பூங்கா ஆயிட்டு. வனத்துறை அனுமதியில்லாமக் கரையேற முடியாது. பவளப்பாறை மேல நங்கூரம் விழுந்தா நொறுங்கிப் போகும். அதனால அந்த யோசனையை இங்கேயே விட்டுரலாம்.

லங்காவிக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், இன்னொரு விமானத்துல ஒரு மணி நேரம். போக நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவக்காத்துன்னா நமக்கு ஐப்பசி கார்த்திகை அடைமழை. அதே காத்து மலேயாக் கரையைத் தாண்டி லங்காவிக்கு வரும்போது காஞ்சு போயிருக்கும். கரைப்பக்கமிருந்து வீசுறதால அலையும் எழும்பாது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காலம். விடியக்காலத்துல "சுமாத்திரா"ன்னு சொல்ற சூறை திடீர்னு வந்து அடிக்கும். அப்போ சும்மா ஓய்வா இருக்கணும்னு போறவங்களுக்குச் சரிப்படாது.

படகு 40 அடிக் கட்டமரான் போதும். பேரு நம்ம கட்டுமரத்திலிருந்து போனது, உருவம்தான் வேற: தண்ணியில மிதக்குற அடிக்கூடு ரெண்டு, அதுக நடுவுல தளம். நாலு அறை இருக்கு, எட்டுப் பேருன்னு கணக்குப் போட்டுராதீங்க. பாய்ப்படகு ஓட்டச் சான்றிதழ் யாருகிட்டயும் இல்லைன்னா ஓட்டுநர் வேணும், அவருக்கு ஒரு அறை. ஆக ஆறு பேர். அவருக்கும் சேத்துத்தான் சோறு பொங்கணும்.

உவரி:
பாளை அண்ணாச்சி நங்கூரம் போடுறதைப் பத்திச் சொல்லாம விட்டுட்டாக. அந்த வாரம் ராத்திரித் தூக்கம் அதுலதான் இருக்கு.

நம்ம கரையில கடல் ஏறி இறங்குறது ஒரு மீட்டருக்குள்ள. லங்காவியில அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூணு மீட்டர் வரை போகும். அதனால ஆழத்தை ஏத்தத்துக்கு வெச்சுக் கணக்குப் போடணும். வத்தத்துல, அதாவது கடல் இறங்கி நிக்கிறப்போ, ஆழம் 5 மீட்டர், ஏத்தம் 3, தண்ணிமட்டத்திலிருந்து படகு மூக்கு வரை 1. கூட்டினா 9. அதுக்கு அஞ்சு மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விடணும். 25 விட்டுட்டுப் படுத்தா, ஏத்தத்துல சங்கிலி தரையை விட்டு எழும்பி நங்கூரத்தை மேல தூக்கிரும். தரையோட படுத்து இழுத்தாத்தான் அது பிடிக்கும். மாறி, உச்ச ஏத்தத்துல கரையை ஒட்டிப் போட்டா, வத்தத்துல அடிக்கூடு சேத்துல உக்காரும்.

போடுற முறை: மூக்கைக் காத்துக்கு எதிரா நிறுத்தி, படகு பின்னால நகர ஆரம்பிச்ச பிறகு இறக்கணும். சங்கிலியை மொத்தமா ஒரே இடத்துல குவிக்கக் கூடாது. அங்கே அடி பெரும்பாலும் சேறு. இறக்கினதும் இஞ்சினைப் பின்பக்கம் முறுக்கினா நங்கூரம் சேத்தை உழுதுக்கிட்டே வரும். பத்து நிமிஷம் அமிழ விட்டுட்டு, அப்புறம் இஞ்சினைப் பின்னோக்கி மெதுவா ஏத்தி அரை நிமிஷம் இழுத்துப் பாருங்க. கரையில ஒரு மரம், அதுக்குப் பின்னால ஒரு பாறை, ரெண்டும் ஒரே கோட்டுல நிக்கணும். கோடு விலகுனா நங்கூரம் நழுவுது, திரும்பப் போடணும்.

தீவு இடுக்குல நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பலமா இருக்கும். காத்து ஒரு பக்கம், நீவாடு ஒரு பக்கம்னா படகு பெரும்பாலும் நீவாட்டுக்குத்தான் திரும்பும். பக்கத்துப் படகு எந்தப் பக்கம் சுத்தும்னு பாத்து இடம் விடுங்க.

இன்னொண்ணு, ஒத்தைக்கூட்டுப் படகு பலத்த காத்துல சாஞ்சு எச்சரிக்கும். கட்டமரான் சாயாது, அதுதான் ஆபத்து. காத்துமானியைப் பாத்து, காத்து வேகம் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) தாண்டும் முன்னாலயே பாயைச் சுருக்கணும்.

அம்பாசமுத்திரம்:
தாமிரபரணியில முங்கிக் குளிச்சவனுக்கு படகுல நாளைக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணின்னா கோவம்தான் வரும். ஆனா ஏழு பேர், ஏழு நாள், பத்து லிட்டர்னாலே 490. தொட்டி எவ்வளவுன்னு ஏறுறதுக்கு முன்னாலயே கேளுங்க, அதுல படகுக்குப் படகு பெரிய வித்தியாசம் உண்டு. குடிதண்ணி தனி, ஆளுக்கு நாளைக்கு மூணு லிட்டர். கடல்ல குளிச்சுட்டு, கடைசியா ரெண்டு குவளை நல்ல தண்ணி ஊத்திக்கலாம். தாயாங் புந்திங் தீவுக்குள்ள நன்னீர் ஏரி இருக்கு. ஒரு நாள் உப்புக் கழுவ அது போதும், சோப்பு மட்டும் கூடாது. வழியில குரங்கு, கையில தின்பண்டப் பை இருந்தாப் பிடுங்கிரும்.

கக்கூஸ் குழாய் ரெண்டு விரல் அகலம்தான். காகிதம் போட்டா அடைக்கும், அதைக் கழட்டிச் சுத்தம் பண்றது நம்ம தலையிலதான் விழும். கைப்பம்பா இருந்தா இருபது தடவையாவது அடிக்கணும், இல்லைன்னா குழாய்க்குள்ளயே தங்கி நாறும்.

தென்காசி:
சமையல். மாவு கொண்டு போகாதீக, அந்த வெக்கையில சாயங்காலத்துக்குள்ள பொங்கிப் புளிச்சிரும். புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, பருப்புப் பொடி போதும். புளிக்காய்ச்சல்ல நல்லெண்ணெய் மேல மிதக்குற அளவு இருந்தா வாரம் முழுக்கக் கெடாது. குக்கர் கட்டாயம்: கேஸ் மிச்சம், படகு ஆடினாலும் மூடி கழண்டு கொட்டாது. சொதி வைக்கணும்னா தேங்காப்பால் டின் லங்காவியோட குவா டவுன்லயே வாங்கிக்கிடலாம். கருவாடு, பச்சைக் காய் இங்கிருந்து வேண்டாம், விமான நிலையத்துல கேள்வி வரும்.

அட்டைப்பெட்டியைப் படகுக்குள்ள ஏத்தாதீக. இடுக்குல கரப்பான் முட்டை வரும், அப்புறம் ஒழிக்க முடியாது. பெட்டி, சூட்கேஸும் வேண்டாம், மடக்கி வைக்கத் துணிப்பைதான் வசதி.

திசையன்விளை:
வாந்தி மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு, படகு கிளம்புறதுக்கு முன்னாலயே போடணும். தலை சுத்தின பிறகு போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துரும். வெறும் வயித்தோட ஏறாதீங்க. குமட்டினா அறைக்குள்ள போய்ப் படுக்கக் கூடாது, மேல உக்காந்து தொடுவானத்தைப் பாக்கணும்.

பாளையங்கோட்டை:
உவரி அண்ணாச்சி சொன்னது சரி. ஒண்ணு சேத்துக்கிடுங்க: தீவுக்குத் தீவு ஒரு மணி, ரெண்டு மணி ஓட்டம்தான். மத்தியானம் மூணு மணிக்குள்ள நங்கூரம் போட்டுரணும், நல்ல இடம் அப்பத்தான் கிடைக்கும். வடக்கே தாருதாவ் தீவு கிட்டத்துலதான், ஆனா அது தாய்லாந்து. ரெண்டு பக்கமும் பாஸ்போர்ட் முத்திரை போட்டு ஒரு நாள் போயிரும், ஒரு வாரத்துல அது வேண்டாம். கரைக்குப் போற சின்னப் படகை மணல்ல ஏத்திட்டு அப்படியே விட்டுராதீங்க. வத்தத்துல சேறு நூறடிக்கு விரிஞ்சிரும், இஞ்சினோட அதைத் தூக்க நாலு பேர் வேணும்.