பதின்ம வயதுப் பிள்ளைகள் நம்மைக் கவனிக்கிறார்களா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நிலாப்பிரியன்:
இழையைத் தொடங்கியவன் நானே முதலில் எழுதிவிடுகிறேன். மகளுக்கு 14 வயது. காதில் ஹெட்போன், கண் போனில். மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வேலை போகப்போகிறது என்று தெரிந்த அன்று வீட்டில் மூச்சுவிடவில்லை. சாப்பிடும்போது வழக்கம்போலக் கிண்டல், சிரிப்பு. மனைவிக்கே சந்தேகம் வரவில்லை. மகள் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அப்பா, சிரிச்சு முடிச்ச அப்புறமும் உங்க வாய் மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்கு. என்னாச்சு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பதில் வேண்டும் என்றுதான் கேட்டாளா? இன்னும் பிடிபடவில்லை.

கல்தூண்:
கொடுத்து வைத்தவர் நீங்கள். என் மகனுக்கு 15. எனக்குக் கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த சமயம். கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்குகிறது, மறுகையில் இரண்டு பை, காலால் கதவைத் தட்டுகிறேன். திறந்தவன் கேட்டது: "அம்மா, என் சார்ஜரைப் பார்த்தியா?" பை என் கையிலேயேதான் இருந்தது.

அன்று ராத்திரி அதே பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. ஏனென்றால் நண்பன் 'சரி' என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான். "எப்பவும் 'சரிடா'ன்னு போடுவான்மா. இன்னைக்கு 'டா' இல்ல. கோவமா இருக்கான்." ஒரு 'டா' இல்லாதது தெரிகிறது, அம்மாவின் மாவுக்கட்டு தெரியவில்லை. மறுநாள் விசாரித்தால், அந்த நண்பன் நிஜமாகவே கோபத்தில்தான் இருந்திருக்கிறான்! அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சாக்பீஸ்:
உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் நான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதே, "சார் இன்னைக்கு மூடு சரியில்ல" என்று பின்பெஞ்சில் முணுமுணுப்பு கேட்கும். முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது இருக்கட்டும்.

கல்தூண் அம்மா சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பையனுக்குப் புரியாமல் இல்லை, புரிந்ததை அந்த நொடியில் பயன்படுத்த வரவில்லை. 2010இல் லண்டனில் மூளை ஆய்வாளர் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் செய்த சோதனை ஒன்று உண்டு. அலமாரியில் பொருட்கள். சில அறைகளுக்குப் பின்பக்கம் அடைப்பு. அதில் உள்ளவை மறுபக்கம் நிற்பவருக்குத் தெரியாது. அவர் "சின்னப் பந்தை நகர்த்து" என்றால், இருப்பதிலேயே சின்னதை அல்ல, அவர் கண்ணுக்குத் தெரிவதில் சின்னதை நகர்த்த வேண்டும். 14 முதல் 17 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிட அதிகம் தவறினார்கள். ஆனால் ஆளை எடுத்துவிட்டு, 'இந்த நிற அறையில் உள்ளதைத் தொடாதே' என்று வெறும் விதியாகக் கொடுத்தபோது, பெரியவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். அடுத்தவர் கண்ணால் பார்ப்பதில்தான் இடறல். பெரியவர்களும் ஒன்றும் முழு மதிப்பெண் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே அம்மா, அவன் தானாகக் கவனிப்பான் என்று வாசலில் நிற்காதீர்கள். "பையை வாங்கு, கை வலிக்கிறது" என்று சொல்லுங்கள். குத்திக் காட்டாதீர்கள். "உனக்கு அக்கறையே இல்லை" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. அவன் நண்பனைப் பற்றிப் பேசும்போது...

கல்தூண்:
சாக்பீஸ் சார், நான் ஆலோசனை கேட்கவில்லையே. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். நான் கேட்காமலா இருந்திருப்பேன்? மூன்றாவது முறை கத்திய பிறகுதான் பை கைமாறியது.

மழைக்குருவி:
கத்தினாலும் அதே கதைதான் அக்கா. என் பெண் அறையில் இருக்கிறாள், நான் தொண்டை வற்றக் கூப்பிடுகிறேன், அசைவே இல்லை. மாடிப்படியில் யாரோ ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு போனாள். உடனே கதவு திறந்தது. "யாரும்மா அது? அழுதுட்டே பேசுற மாதிரி இருக்கு."

2022இல் ஸ்டான்ஃபோர்டில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 12 வயது வரை அம்மாவின் குரலுக்குத்தான் மூளையின் மகிழ்ச்சி தரும் பகுதி அதிகம் வேலை செய்கிறதாம். 13க்கு மேல் முன்பின் தெரியாத பெண்களின் குரலுக்கு. படித்ததும் கோபம் கொஞ்சம் தணிந்தது, முழுதாக இல்லை.

பாதி_இட்லி:
எனக்கு 19. நாங்கள் இந்த அறையிலேயே இல்லாத மாதிரி எல்லாரும் பேசுகிறீர்கள். பதினாறு வயதில் ஒரு சாயங்காலம், சமையலறையில் குழாய் முழுசாகத் திறந்து ஓடுகிறது, பாத்திரம் உரசும் சத்தம் மட்டும் இல்லை. அம்மா அழுகிறார் என்று புரிந்துவிட்டது. உள்ளே போனால் முகத்தைக் கழுவிக்கொண்டு "என்ன வேணும்?" என்பார், அதுவும் தெரியும். அதனால் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன், நான் எதுவும் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. "வீட்ல மனுஷங்க இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதா உனக்கு?" என்று திட்டு விழுந்தது. கல்தூண் ஆன்ட்டி, சார்ஜர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது அநியாயம்தான்.

நிலாப்பிரியன்:
தம்பி, டிவி விஷயத்தை அம்மாவிடம் பிறகாவது சொன்னீர்களா?

பாதி_இட்லி:
இல்லை அண்ணா. இப்போது சொன்னால் இரண்டு பேருக்கும் கூச்சம்.

சாக்பீஸ்:
கட்டாயம் சொல்லிவிடுங்கள். எப்படித் தொடங்குவது என்றால், முதலில் அவர் ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து...

கல்தூண்:
ஆரம்பித்துவிட்டார்.