டிரான்சாக்‌ஷன் லாக் சுருங்க மாட்டேன் என்கிறது, டிஸ்க் நிரம்பப் போகிறது – உதவி தேவை

கேள்வி (ஹட்டன்)
தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடுகிறது. கொழுந்து நிறுவை, செக்ரோல் (ஆட்களின் வேலைநாள், கூலிப் பதிவேடு), சம்பளம் எல்லாம் அதில்தான். தரவுக் கோப்பு 3 ஜிபி கூட இல்லை, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் லாக் கோப்பான எல்டிஎஃப் மட்டும் 41 ஜிபி. கோப்பைச் சுருக்கும் ஷ்ரிங்க்ஃபைல் கட்டளை கொடுத்தால் பிழை காட்டாமல் ஓடி முடிகிறது, அளவு அப்படியே நிற்கிறது. ராவைக்கு ராவு ஃபுல் பேக்கப் எடுக்கிறோம். 10ஆம் திகதி சம்பளம், அதற்குள் டிஸ்க் நிரம்பினால் ஆட்களுக்குப் பேர் போட (வேலைநாள் பதிய) முடியாது. தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

பதில்
டேட்டாபேஸைச் சர்வரிலிருந்து டிடாச் பண்ணி (கழற்றி) எல்டிஎஃப்பை அழித்துவிட்டுத் திரும்ப அட்டாச் பண்ணுங்கள், புதிதாகச் சின்னதாக ஒன்று வரும்.

பதில் (பண்டாரவளை)
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். முடிவடையாத மாற்றத் தொகுதி, அதாவது டிரான்சாக்‌ஷன் உள்ளே இருக்கும்போது லாக் போய்விட்டால் டேட்டாபேஸ் திரும்ப எழும்பாமலே போகலாம், சம்பள நேரத்தில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். முதலில் சிஸ்.டேட்டாபேசஸ் என்ற சிஸ்டம் பட்டியலில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். ஏன் சுருங்கவில்லை என்று சர்வரே அங்கே சொல்லும். ஃபுல் ரெகவரி மாடலில் (லாக்கை பேக்கப் எடுக்கும்வரை வைத்திருக்கும் அமைப்பு) இருந்தால் ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது, லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் பேக்கப்பைச் சுருக்கும் வசதி இல்லை, அதனால் கிட்டத்தட்ட 41 ஜிபி இடமுள்ள வெளி வன்தட்டு ஒன்றைச் செருகி அதில் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்
லாக்_பேக்கப் என்றுதான் இருந்தது. எடுத்தேன், அப்புறம் ஷ்ரிங்க் கொடுத்தேன், அசையவில்லை. இப்போது அதே பத்தியில் ஆக்டிவ்_டிரான்சாக்‌ஷன் என்று வருகிறது.

பதில் (பண்டாரவளை)
சரி, டிபிசிசி ஓப்பன்டிரான் என்ற கட்டளையை ஓட்டுங்கள். முடியாமல் கிடப்பது எந்த செஷன் (இணைப்பு), எப்போது தொடங்கியது என்று வரும். ஷ்ரிங்க் கோப்பின் கடைசியில் இருந்துதான் வெட்டும், நடப்பிலுள்ள பகுதி அங்கே இருந்தால் முன்னால் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் குறையாது.

கேள்வி கேட்டவர்
நிறுவைக் கொட்டகைக் கணினி. சனிக்கிழமை பின்னேரம் திறந்த செஷன், கொழுந்துப் பதிவுத் திரை இன்னும் மூடாமல் கிடக்கிறது. கில் கொடுத்து அதை நிறுத்தவா?

பதில் (பண்டாரவளை)
பொறுங்கள். கில் கொடுத்தால் சேமிக்காதது எல்லாம் பின்வாங்கிவிடும், யாரோ ஒருவர் பறித்த கொழுந்தின் கிலோ கணக்கு அதில் இருக்கலாம். நிறுக்கிறவரிடம் சொல்லிச் சேமித்து மூடச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு லாக் பேக்கப், அதற்குப் பிறகு ஷ்ரிங்க். ஒரேயடியாக 1 எம்பிக்கு இறக்காதீர்கள், 2 ஜிபி விடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வளரும்போதெல்லாம் பதிவு நின்று நின்று போகும். லாக் கோப்பு தானாக வளரும் அளவைச் சதவீதத்தில் வைத்திருந்தால் 256 எம்பி என்று மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்
இறங்கிவிட்டது அண்ணா, 2 ஜிபி! கொட்டகையில் சேமித்தபோது சனிக்கிழமைப் பின்னேர நிறுவை முழுசாக உள்ளே வந்தது, செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. லாக் பேக்கப்பைத் தானாக எடுக்க வைக்க எக்ஸ்பிரஸில் ஏஜென்ட் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) இல்லையே?

பதில் (பண்டாரவளை)
விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்கியூஎல்சிஎம்டி கட்டளையைப் போட்டு மணிக்கு ஒருமுறை ஓட விடுங்கள். கோப்புப் பெயரில் நேரமும் சேரட்டும், வேறு டிஸ்கில் போய் விழட்டும். அந்தப் பதிவுத் திரை சேமிக்கும்வரை டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்கிறது என்று மென்பொருள் செய்தவர்களுக்கும் எழுதிப் போடுங்கள், அதை அவர்கள்தான் திருத்த வேண்டும்.