ஊர்த்தலைவர் வீட்டுச் சாப்பாட்டை மனசு நோகாமல் எப்படி மறுப்பது?

புதுவரவு:
அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தரத் தன்னார்வலராக ஆப்பிரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. சின்ன கிராமம், கரண்ட் கிடையாது. தினமும் சாயந்தரம் ஊர்த்தலைவர் வீட்டம்மா ஒரு தட்டு வெள்ளைக் களியும் ஒரு கிண்ணம் பொடிமீன் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைக்கிறார். நான் சைவம். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. தலைவலி, நேற்று ராத்திரி குளிர் வேறு, தூக்கமே இல்லை. அவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட இருக்கிறது.

அடிபம்பு:
தங்கச்சி, முதல் மாதம் எல்லோருக்கும் இப்படித்தான். நான் சாம்பியாவில் இரண்டு வருஷம் இருந்தேன். ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும், அதற்குப் பிறகு எலியும் நானும்தான். என்னை நிறுத்திவைத்தது அங்கிருந்த அடிபம்பு. நம்ம ஊர்த் தெருமுனையில் இருந்த அதே இந்தியா மார்க் 2, அதே கிரீச் சத்தம். காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் நில். பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், பேச்சு தானாக வரும். தண்ணீரைக் காய்ச்சிக் கஷ்டப்படாதே, ஆழ்துளைத் தண்ணீர் சுத்தமானது.

ஏரிக்கரை:
காய்ச்ச வேண்டாம் என்று சொல்லாதீர்கள் ஐயா. பம்பில் வரும்போது சுத்தம்தான், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும் வாளி? முகந்து குடிக்கும் குவளை? வந்த முதல் மாதத்தில் வயிற்றுப்போக்கில் நான் ஆறு கிலோ இறங்கினேன். காய்ச்சுங்கள், இல்லையென்றால் குளோரின் விடுங்கள்.

தங்கச்சி எந்த நாடு என்று சொல்லவில்லை. வெள்ளைக் களி, பொடிமீன் என்றால் மலாவி மாதிரி தெரிகிறது, நானும் அங்கேதான் இருந்தேன். அந்தக் களி நிசிமா, மக்காச்சோள மாவு. தட்டு வந்தால் முதலில் வேண்டாம் என்ற வார்த்தையை விடுங்கள். கை கழுவ அவர் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு கையையும் நீட்டி வாங்குங்கள். களியை வலது கையால் உருட்டி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மீன் எனக்கு ஆகாது, நந்தோலோ இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். நந்தோலோ வேறொன்றும் இல்லை, நம்ம துவரைதான்! இந்தியாவுக்கு மலாவியிலிருந்தும் துவரை வருகிறது. தோலோடு வேகவைத்துத் தக்காளி போட்டுத் தருவார்கள். பூசணிக் கீரையில் நிலக்கடலை மாவு தூவிச் செய்வதும் உண்டு, அதற்காகவே நான் இன்னும் ஏங்குகிறேன்.

கரியடுப்பு:
சாப்பாட்டை விடும்மா, துணிக்கு இஸ்திரி போடுகிறாயா? ஈரத்துணியை வெளியே காயப்போட்டால் புட்சி ஈ அதில் முட்டையிடும், புழு தோலுக்குள் போய் வளரும். என் இடுப்பில் நான்கு கட்டி. கொசுக்கடி என்று ஒரு வாரம் சொறிந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அதன்மேல் வாஸ்லின் களிம்பு தடவி மூச்சை அடைத்துப் பிதுக்கினார், அரிசி மாதிரி வெளியே வந்தது. கரி போடும் இஸ்திரிப்பெட்டி வாங்கிக்கொள். உள்ளாடை, தையல் ஓரம் எதையும் விடாதே.

அடிபம்பு:
வீட்டுக்குள் காயப்போட்டால் இஸ்திரியே தேவையில்லை.

கரியடுப்பு:
மழைக்காலத்தில் வீட்டுக்குள் எது காயும்?

மேட்டுவிளை:
இதையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு ஆறாதது வேறு. எங்கே போனாலும் குழந்தைகள் அசுங்கு, அசுங்கு, அதாவது வெள்ளைக்காரர், என்று பின்னால் ஓடிவரும். பெரியவர்கள் அம்வென்யே, அதாவது இந்தியர், என்பார்கள். இந்தியர் என்றால் டவுனில் கடை வைத்திருப்பவர், கையில் காசு இருக்கும் என்று ஒரு நினைப்பு. என் கையில் என்ன இருந்தது? நான் போன அமைப்பு இரண்டு மாதம் படிக்காசே அனுப்பவில்லை. கடனுக்கு மாவு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடிபம்பு:
எனக்கும் அதே கதை. கிளம்பும் முன் பேசியது ஒன்று, கொடுத்தது ஒன்று. இந்த அமைப்புகளை யார் கேட்பது?

நாடித்துடிப்பு:
எல்லோரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், ஆனால் தலைவலி, குளிர், சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். நான் நர்ஸ். வந்து மூன்று வாரத்தில் குளிர் என்றால் முதலில் மலேரியா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை, ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் ஆபத்தில் விட்டுவிடும்.

அம்மா, உடனே பதில் சொல். எந்த நாடு? தடுப்பு மாத்திரை போடுகிறாயா? இப்போது காய்ச்சல் இருக்கிறதா?

புதுவரவு:
மலாவிதான் அக்கா, மங்கோச்சி பக்கம். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் எட்டு நாளாக நிறுத்திவிட்டேன். காய்ச்சல் இல்லை என்றுதான் நினைக்கிறேன், மத்தியானம் பாராசிட்டமால் போட்டேன்.

நாடித்துடிப்பு:
பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். அந்த மாத்திரை போட்ட பிறகு உடம்பு குளிர்ந்திருப்பதை நம்பாதே. இப்போதே கிளம்பு. விரலில் குத்திப் பார்க்கும் சோதனைதான், கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். கையில் இருக்கிற மாத்திரையை நீயாக எடுத்துப் போடாதே. தனியாகவும் போகாதே.

ஏரிக்கரை:
தலைவர் வீட்டு வாசலில் நின்று "ஓடி" என்று குரல் கொடுங்கள். அங்கே கதவைத் தட்டுவதற்குப் பதில் அதுதான். மலுங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மலேரியாவுக்கு அதுதான் பேர். கபாசா, அதாவது வாடகை பைக், அவர்களே கூப்பிட்டுவிடுவார்கள். அரசு சுகாதார நிலையத்தில் காசு வாங்க மாட்டார்கள். டார்ச், பாஸ்போர்ட் நகல், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
போய் வந்துவிட்டேன். இரண்டு கோடு. மலேரியாதான். தலைவரே முன்னால் டார்ச் பிடித்துக்கொண்டு வந்தார், அந்த அம்மா பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்று நாளைக்கு ஆறு வேளை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். அந்த அம்மா நிலக்கடலை மாவு போட்ட கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மீன் இல்லை. முழுசாகக் குடித்தேன். ஒன்பதரைக்கு முதல் வேளை போட்டேன் அக்கா, அடுத்தது காலையில்தானே?

நாடித்துடிப்பு:
முதல் வேளையிலிருந்து எட்டு மணி நேரம். ஐந்தரைக்கு அலாரம் வை. அதற்குப் பிறகு காலை, ராத்திரி என்று இரண்டு வேளை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும், மாத்திரை குறையும், அங்கே போய்க் கேள். உளறல், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, எதையும் குடிக்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போ. போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது?

புதுவரவு:
நாற்பது சதவீதம். அந்த அம்மா இன்றைக்கு என் பக்கத்திலேயே படுக்கிறார். அவரிடமும் நேரத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன்.