அலுமினியத்துக்கும் பசைக்கும் நடுவே: ‘ஆசுப்பூச்சு’

அன்பு நண்பர்களுக்கு,

பசை தடவும் முன் அலுமினியத்தில் பூசும் சிலேன் (உலோகத்தையும் பசையையும் பிணைக்கும் சிலிக்கான் சேர்மம்) கரைசலுக்குத் தமிழில் ‘அடிப்பூச்சு’ என்ற பெயரே போதும் என்று நம்மில் மூத்தவரான ஐயா எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிப்பூச்சு என்றதும் சுவருக்கு வண்ணம் அடிப்பவரின் முதல் பூச்சுதான் நினைவுக்கு வருகிறது. சிலேனின் வேலையே வேறு. அதன் சிலிக்கான் முனை, அலுமினியத்தின் ஆக்சைடுப் படலத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு வினைபுரிந்து ஆக்சிஜன் வழியே பிணைகிறது. அமினோ போன்ற மறுமுனை எப்பாக்சிப் பசையோடு வினைபுரிந்து இறுகுகிறது.

ராணிப்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறையில் தகட்டைக் கழுவியதும் நீர் ஊற்றிப் பார்ப்போம். உடையாமல் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். போன வாரம் ஒரு தகட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நீர் விலகி நின்றது. யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள். மறுபடியும் கழுவினோம். ஆனால் சுத்தம் மட்டும் போதாது. ஈரம் ஊடுருவினால் ஆக்சைடு நீரேறி வலுவிழக்கும். பசை நன்றாக இருந்தும் ஒட்டு விட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் சிலேன்.

குடியாத்தத்தில் என் தாத்தா பொன்வேலை செய்தவர். இரண்டு துண்டுகளின் நடுவே வெங்காரம் தடவி, ஒட்டவைக்கும் உலோகப் பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதுவார். வெங்காரம் ஆக்சைடைக் கரைத்து அகற்றும். அலுமினியத்தில் அகற்றிய படலம் காற்றுப் பட்டதும் மீண்டும் வளர்ந்துவிடும். அதனால்தான் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி, நுண்துளைகள் நிறைந்த உறுதியான படலத்தை நாமே வளர்க்கிறோம். தாத்தா வைத்த பொடிக்கு நூல்வழக்கில் பற்றாசு என்று பெயர். யாப்பிலும் இது உண்டு: வெண்பாவின் முதற்குறளின் (முதல் ஏழு சீர்களின்) இறுதியில் ஓரிரு அசை கூட்டி, அடுத்து வரும் தனிச்சொல்லோடு இணைப்பதை ‘ஆசு’ என்றார்கள். இரண்டையும் பற்றி நிற்கும் சிறு துணுக்கு. சிலேனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். ‘பூச்சு’ சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது. பற்றாசு என்றே வைத்தால் ஈயப் பற்றவைப்போடு மயங்கும். ஆகவே ‘ஆசுப்பூச்சு’. “தகட்டை உலர்த்தி ஆசுப்பூச்சு இட்டபின் பசை தடவுக” என்று எழுதிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடுகிறது.

ரப்பர் அடிப்பாகம் ஒட்டும் முன் ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் குளோரின் ஏற்றும் திரவம் ஒன்று தடவுகிறார்கள். அது ரப்பரின் மேற்பரப்பையே மாற்றுவது, அதற்கு இந்தச் சொல் ஆகாது. அங்கே அதை எப்படி அழைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.