ரன்னரை அறுத்துக் குறைத்தால் ஏலகிரி ஏற்றத்தில் இழுவை கூடுமா?

குடியாத்தம் எஸ்டீம்:

வணக்கம். என்னுடைய 1.3 லிட்டர் பெட்ரோல் மாருதி எஸ்டீம் காரின் எஞ்சினை இறக்கி, ரிங்கும் பேரிங்கும் மாற்றிப் பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) தனியாகக் கழன்று கிடக்கும் இந்த நேரத்திலேயே, அதன் நான்கு ரன்னர்களிலும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் தனிக் குழாய்) 100 மி.மீ. அறுத்தெடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைத்தால், காற்று சீக்கிரம் உள்ளே போய்ப் பவர் கூடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அன்றாடம் காட்பாடிக்குப் போய்வரும் வண்டி இது. விடுமுறையில் குடும்பத்தோடு ஏலகிரி ஏறுவதும் உண்டு. அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவு முடிந்ததும் இரண்டாவது கியரில் மிதிக்கும் இடத்தில்தான் வண்டி சோர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் இந்த மாற்றம் உதவுமா? ரன்னரின் நீளத்திற்கும் பவருக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

காட்பாடி மெக்கானிக்கல்:

தயவுசெய்து அறுக்க வேண்டாம். உங்கள் தேவைக்கு நேர் எதிரான பலன்தான் கிடைக்கும்.

பாதை குட்டையாக இருப்பதால் காற்று சீக்கிரம் போய்ச் சேரும் என்ற விளக்கத்தில் பொருள் இல்லை. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும்போது, வால்வின் அருகே உண்டாகும் தாழ்வழுத்தம் ஓர் அலையாக ரன்னர் வழியே ஒலியின் வேகத்தில் மேலே செல்கிறது. ரன்னர் பிளீனத்தில் (எல்லா ரன்னர்களுக்கும் பொதுவான காற்று அறை) திறக்கும் வாயை அடைந்ததும் அந்த அலை உயரழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும் என்பதால், உள்ளே வந்த காற்று வெளியே ஓடப் பார்க்கும் அந்தச் சில மில்லிசெகண்டுகளில் திரும்பிய அலை வந்து சேர்ந்தால், அது காற்றை உள்ளேயே நெருக்கி வைக்கிறது, டார்க் (சுழற்றும் விசை) கூடுகிறது. முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் அந்த ஆதாயம் கைக்கு வராது.

இனிக் கணக்கைப் பாருங்கள். பிஸ்டன் வேகமாக இழுக்கும் நடுப்பகுதியிலிருந்து வால்வு மூடப்போகும் நேரம் வரை, தோராயமாகக் கிராங்க் 80 டிகிரி சுழல்கிறது. ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 மி.மீ. ரன்னரில் அலை போய்த் திரும்ப 2.3 மில்லிசெகண்டு ஆகும். 6000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்திற்கு 6000 சுற்று) அதற்குள் கிராங்க் 82 டிகிரி சுழன்றிருக்கும், நேரம் சரியாகப் பொருந்துகிறது. 3000-இல் 41 டிகிரிதான் சுழன்றிருக்கும். அதே ரன்னரை 300 மி.மீ. ஆக்கினால் பொருத்தமான சுழற்சி 8000-க்கு அருகில் போய்விடும். உங்கள் கேமும் (வால்வைத் திறக்கும் பாகம்) வால்வு ஸ்பிரிங்கும் அந்த வேகத்திற்கு உரியவை அல்ல; நீங்கள் மலையில் மிதிப்பதோ 2500-க்கும் 4000-க்கும் இடையில்.

அந்த இடைவெளியில் முதல் அலையின் முழுப் பலன் வேண்டுமானால் ரன்னர் முக்கால் மீட்டர் நீளம் இருக்க வேண்டும். கிறைஸ்லர் நிறுவனம் 1960-இல் 300எஃப் காரில் அதையே செய்தது: ஏறக்குறைய 760 மி.மீ. நீளக் குழாய்கள், உச்ச டார்க் 2800 ஆர்.பி.எம்.மில். சாதாரணக் காரின் பானெட்டுக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள், அலை முன்னும் பின்னும் பலமுறை எதிரொலித்து வருவதில் இரண்டாவதையோ மூன்றாவதையோ பயன்படுத்திக்கொள்கின்றன. அவை வலிமை குறைந்தவை, ஆனாலும் பயனுள்ளவை. அளக்கும்போது மேனிஃபோல்டின் ஃபிளேஞ்சிலிருந்து (எஞ்சினோடு பூட்டும் தட்டை முகம்) அளக்காமல், சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டையும் (காற்று வழி) சேர்த்து வால்விலிருந்து அளக்க வேண்டும்.

ராணிப்பேட்டை லேத்:

மேலே ஐயா சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்; வேலை செய்பவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். அறுத்து வெல்டிங் வைத்த அலுமினிய மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச் சூட்டில் வளையும். நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, ஃபேஸிங் செய்யாமல் (முகத்தைச் சமமாக இழைக்காமல்) பூட்டினால் காற்று கசியும், ஐட்லிங் நிற்காது.

கழற்றியிருக்கும் இந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஹெட் போர்ட்டின் விளிம்பைச் சுற்றி மை தடவி, புதுக் கேஸ்கட்டை அதன்மேல் அழுத்தி எடுங்கள். மையின் சுவடு கேஸ்கட் துளையின் ஓரத்தை ஒட்டியே விழ வேண்டும். சுவட்டுக்கும் துளைக்கும் நடுவே கேஸ்கட் பிறை போலத் தெரிந்தால், அந்த அளவுக்கு அது காற்றின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்டு பக்கமும் அப்படியே பார்த்து, நீட்டிய ஓரத்தை நறுக்கிவிடுங்கள். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் கரியையும் துடைத்துவிடுங்கள். வளைவில் சோர்வதற்குக் கிளட்ச் நழுவுவதும் காரணமாகலாம். அதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

வேலூர் ஸ்டூடண்ட் ரேஸிங்:

நீளத்தை மட்டும் பேசுவது போதாது என்பது என் கருத்து. ரன்னரின் விட்டம் பெரிதானால் காற்றின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விடும். பிளீனத்தின் கொள்ளளவும் அலையின் தன்மையை மாற்றும். ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்கள் தாங்களே கட்டும் பந்தயக் கார்களின் போட்டி) பெட்ரோல் வண்டிகளில் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை வழியாகவே போக வேண்டும் என்பது விதி. மேல் சுழற்சியில் அந்தத் துளையே தடையாக நிற்பதால், நடு ஆர்.பி.எம்.மை நோக்கி நீளமான ரன்னர் வைப்பதில் பொருள் உண்டு. உங்கள் மலைப்பாதையின் தேவையும் அதுதான்.

இரண்டு முனையிலும் பலன் வேண்டுமென்றால் நீளமே மாற வேண்டும். 1991-இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மஸ்தா 787பி-யில், எஞ்சின் ஓடும்போதே நீளும், குறுகும் இன்டேக் குழாய்கள் இருந்தன. 2001-இல் பிஎம்டபிள்யூ தன் வி8 எஞ்சினில் அதைச் சாலைக் காருக்கே கொண்டுவந்தது.

குடியாத்தம் எஸ்டீம்:

அனைவருக்கும் நன்றி. மேனிஃபோல்டை அறுக்கப் போவதில்லை. ஒரு துணைக் கேள்வி: மே மாதத்தில் நம் வேலூர் வெயிலில் ஒலியின் வேகமும் மாறுமல்லவா, அது இந்தக் கணக்கைக் குலைக்காதா?

காட்பாடி மெக்கானிக்கல்:

மாறும், ஆனால் சிறிதளவே. 20 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏறினால் ஒலியின் வேகம் 4 சதவீதத்திற்கும் குறைவாகவே கூடுகிறது. 3000-இல் பொருந்திய அலை 3110-இல் பொருந்தும், ஓட்டுநருக்குத் தெரியாது. அதே வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் குறைகிறது என்பதே பெரிய இழப்பு, ஏலகிரியின் உயரம் அதற்குமேல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது. உயரத்திற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஏர் ஃபில்டரின் குழாய் ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்றை எடுக்கிறதா, கிரில் வழியாக வெளிக்காற்றை எடுக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாய் கழன்றோ உடைந்தோ இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.