என்ஆர்எல் 20-வது அணி: கிறைஸ்ட்சர்ச்சா, இப்ஸ்விச்சா?

தென்தீவுக்காரன்:
ஆஸ்திரேலிய ரக்பி லீக் தொடரான என்ஆர்எல்லில் இப்போது 17 அணிகள். 2027-ல் பெர்த் பேர்ஸ், 2028-ல் பப்புவா நியூ கினி சேர்ந்தால் 19. தொடரில் சேர அடுத்த அணிக்குத் தரும் உரிமம் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போக வேண்டும். 19 அணி என்றால் சுற்றுக்கு 9 ஆட்டம், ஓர் அணிக்கு ஓய்வு. 18 அணி இருந்தாலும் அதே 9 ஆட்டம்தான். இருபதாவது வந்தால்தான் தொலைக்காட்சிக்கு விற்கப் பத்தாவது ஆட்டம் கிடைக்கும். இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027-ல் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்காலத்தில் நியூசிலாந்து நேரம் சிட்னியைவிட 2 மணி முன்னால். அங்கே இரவு 8-க்குத் தொடங்கும் ஆட்டம் சிட்னியில் மாலை 6-க்குத் தெரியும். அது முடியும்போது சிட்னியின் 8 மணி ஆட்டம் தொடங்கும்.

ஜெட்ஸ்_ரசிகர்:
நேரக்கணக்கு சரி. ஆனா கிறைஸ்ட்சர்ச் க்ரூசேடர்ஸ் அணியோட ஊர், ரக்பியோட இன்னொரு வகையான யூனியன் ஊர். கடைசியா என்ஆர்எல்லுக்கு வந்த டால்பின்ஸ் அணி எப்படி நின்னாங்கன்னு பாருங்க. 1947-லிருந்து பிரிஸ்பேன் பக்கம் ரெட்கிளிஃப்ல இருக்கிற கிளப். சொந்தமா லீக்ஸ் கிளப் (உறுப்பினர் கேளிக்கைக் கூடம்), வணிக வளாகம், கீழ்மட்டத்துல சிறுவர் அணிகள். அந்த அஸ்திவாரம் இருந்ததாலதான் 2023-ல் முதல் ஆட்டத்திலேயே சிட்னி ரூஸ்டர்ஸை 28-18-னு சாய்க்க முடிஞ்சது. பிரிஸ்பேனுக்கு மேற்கே இப்ஸ்விச்ல அதே மண் இருக்கு. பழைய லீக் நட்சத்திரங்கள் ஆலன் லாங்கரும் வால்டர்ஸ் சகோதரர்களும் வளர்ந்த ஊர்.

தென்தீவுக்காரன்:
மண் இருக்கிறது, மைதானம்? அங்கிருக்கும் நார்த் இப்ஸ்விச் ரிசர்வ் மைதானம் என்ஆர்எல் அளவுக்குப் போதாது. பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானத்தில் ஏற்கெனவே என்ஆர்எல்லின் ப்ராங்கோஸ், டால்பின்ஸ், யூனியனின் ரெட்ஸ் ஆடுகிறார்கள். நான்காவது அணியும் வந்தால் புல்தரை தாங்காது. கிறைஸ்ட்சர்ச்சில் 30,000 இருக்கைகளோடு கூரையிட்ட புது மைதானம்.

எண்_7:
இரண்டு பேரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆட ஆள் எங்கே? ஒவ்வொரு அணிக்கும் முதல்நிலை ஒப்பந்தம் 30 பேருக்கு. மூன்று புது அணி என்றால் 90 பேர். முன்வரிசைக்கு ஆள் தேடிவிடலாம், ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்குக்குத்தான் பஞ்சம். ஐந்தாவது டேக்கிளில் (எதிரணி பிடித்து நிறுத்துவது; ஆறு ஆனால் பந்து கைமாறும்) அவர் உதைக்கும் பந்து எதிரணியின் 10 மீட்டர் கோட்டருகே விழ வேண்டும். 35 மீட்டரிலேயே விழுந்தால் அடுத்த ஆறு டேக்கிளில் அவர்கள் உங்கள் கோட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். நாற்பது நிமிடம் இப்படியே போனால் தடுப்பு வரிசை களைத்து, கடைசி இருபதில் புள்ளிகள் கொட்டும்.

மெல்பர்ன் ஸ்டார்ம் 1998-ல் வந்து 1999-லேயே கோப்பை வென்றதே என்று யாராவது கேட்பீர்கள். மூடப்பட்ட பெர்த் ரெட்ஸிலிருந்து ராபி கெர்ன்ஸ், ராட்னி ஹோ. மூடப்பட்ட ஹண்டர் மரைனர்ஸிலிருந்து பிரெட் கிம்மர்லி. தயாராக நின்ற ஆட்களை அள்ளினார்கள். இன்று எந்தக் கிளப்பும் மூடவில்லை.

தென்தீவுக்காரன்:
அதனால்தான் நியூசிலாந்து. 1995-லிருந்து அந்த நாட்டுக்கு என்ஆர்எல்லில் வாரியர்ஸ் என்ற ஒரே அணிதான். இடம் கிடைக்காத பையன்கள் 17 வயதிலேயே சிட்னிக்கு விமானம் ஏறுகிறார்கள்.

எண்_7:
ஏறியவர்கள் ஏற்கெனவே இந்தத் தொடரில் ஆடுகிறவர்கள்தானே. அவர்களுக்குச் சட்டையை மாற்றிப் போட்டால் மொத்த எண்ணிக்கை ஒன்றுகூட உயராது.

தென்தீவுக்காரன்:
நியாயமான கேள்வி. கூடுவது ஏறாதவர்களிடமிருந்து. வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் உள்ளூர் யூனியனில் கையெழுத்துப் போடும் பையனுக்குச் சொந்த ஊரிலேயே லீக் சம்பளம் கிடைக்கட்டும்.

ஜெட்ஸ்_ரசிகர்:
செலவு யார் தலைல? வெஸ்டர்ன் ரெட்ஸ் (மேலே சொன்ன பெர்த் ரெட்ஸோட முந்தைய பெயர்) 1995-ல் வந்து 1997-ல் மூடினாங்க. வர்ற அணிகளோட விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அவங்களே கட்டணும்னு விதி. கூட்டம் வந்தாலும் கையில காசு நிக்கல.

தென்தீவுக்காரன்:
அந்த விதியை உரிமத்தில் எழுதவே கூடாது. பயணச் செலவு லீக்கின் பொதுக் கணக்கில் போகட்டும். சிட்னியிலிருந்து கிறைஸ்ட்சர்ச் சுமார் 3 மணி நேரம்தான், பெர்த்தைவிடக் கிட்டே.

எண்_7:
அப்படியென்றால் என் நிபந்தனை இது. உரிமம் கொடுத்த மறுவருடமே முதல் அணி இறங்கக் கூடாது. முதலில் 19 வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு என்ஆர்எல்லுக்கு அடுத்த நிலைத் தொடரான நியூ சவுத் வேல்ஸ் கோப்பையில் இரண்டு பருவம். பப்புவா நியூ கினி ஹண்டர்ஸ் 2014-ல் அதே நிலையிலுள்ள குயின்ஸ்லாந்து கோப்பையில் நுழைந்து 2017-ல் அதை வென்ற பிறகுதான் அந்த நாட்டுக்கு என்ஆர்எல் உரிமம் கிடைத்தது.

ஜெட்ஸ்_ரசிகர்:
அந்த நிபந்தனையை இப்ஸ்விச் ஜெட்ஸ் அணி ஏற்கெனவே தாண்டியாச்சு. குயின்ஸ்லாந்து கோப்பையை 2015-லேயே எடுத்துட்டாங்க. பாக்கி மைதானம் மட்டும்தான். அதுக்கு வேண்டியது அரசுப் பணம், பத்து வருஷக் காத்திருப்பு இல்ல.