டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: கைகாக்ஸா, ஆர்னசனா?

நிலவறைவாசி:
நண்பர் ஏட்டுச்சுவடி நேற்று எழுதிய 'கைகாக்ஸே இந்த விளையாட்டின் தந்தை' என்ற வரியை என்னால் ஏற்க இயலவில்லை. ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, நடுவர் ஒருவர் நடத்த, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் இந்த விளையாட்டின், 1974இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இருவர் பெயரும் உள்ளன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மின்னசோட்டாவில் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டில் நிகழும் ஆட்டத்தை நடத்தத் தொடங்கிவிட்டார். அதுவரை ஆடிவந்த போர் விளையாட்டுகளைப் போலப் படைகளை நகர்த்துவதை விட்டு, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கோட்டைக்கு அடியிலுள்ள நிலவறைகளில் இறங்கி, உயிரோடு மீண்டால் அனுபவத்தால் வலிமை கூடி, அடுத்த முறையும் அதே பாத்திரமாகத் தொடர்வது என்ற முறை அங்கேதான் உருப்பெற்றது. தம் வீரன் ஒரே அடியில் சாவதை ஆட்டக்காரர்கள் விரும்பாததால், கப்பற்போர் ஆட்டத்தில் கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று போட்டு வைத்திருந்த கணக்கை மனிதனுக்கு மாற்றியதாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். இன்றைய கணினி விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் 'ஹிட் பாயிண்ட்' எண் அங்கிருந்து வந்ததுதான்.

ஏட்டுச்சுவடி:
பிளாக்மூர் தொடக்கத்தில் எதை வைத்து ஆடப்பட்டது என்பதையும் சொல்லியிருக்கலாம். கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் ஏற்கெனவே இருந்தன. ஆர்னசன் ஆட்டம் நடத்தியது கண்ணளவுச் சமையல் போல. உடனிருந்து உண்டவர்களுக்கு அருமை தெரியும், அடுத்த ஊர்க்காரருக்குக் கைப்பக்குவம் போய்ச் சேராது. 1972இன் இறுதியில் அவர் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவுக்கு வந்து ஆடிக் காட்டிய பின், அவர் தந்த சுமார் இருபது பக்கக் குறிப்புகளிலிருந்து முதலில் 50 பக்கமும் பிறகு 150 பக்கமுமாக எழுதியவர் கைகாக்ஸ். பதிப்பாளர் கிடைக்காத நிலையில், 1973இல் டான் கேயுடன் சேர்ந்து டிஎஸ்ஆர் நிறுவனத்தைத் தொடங்கி, மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியை 1,000 படிகள் அச்சிட்டு, 10 டாலருக்கு விற்றவரும் அவரே.

நிலவறைவாசி:
அந்த மூன்று நூல்களை மட்டும் வாங்கியவரால் ஆட முடிந்ததா? சண்டைக்குச் 'செயின்மெயில்' வேண்டும் என்றும், வெளிப்பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற விளையாட்டின் பலகை வேண்டும் என்றும் அவையே கேட்கின்றன. ஆகவே ஏட்டில் எழுதிய பின்னும், ஆடத் தெரிந்தவர் அருகில் அமர்ந்து கற்றுத்தான் இது பரவியது. நீங்கள் குறை சொல்லும் கைப்பக்குவமேதான். பிற்பாடு 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியுடன் வந்த நூல்களில் கைகாக்ஸின் பெயர் மட்டும் இடம்பெற்றதும், ராயல்டி கேட்டு ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுத்ததும், 1981இல் அது சமரசத்தில் முடிந்ததும் தாங்கள் அறியாதவை அல்ல.

மூன்றாம்பகடை:
ஆர்னசனும் ஆடிய போர் விளையாட்டுகளை நடத்திய டேவிட் வெஸ்லியை இருவரும் மறந்துவிட்டீர்கள். 1969இல் இவர் நடத்திய 'பிரவுன்ஸ்டீன்' ஆட்டத்தில், நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றில் ஆளுக்கொரு வேடம் கொடுத்திருந்தார். போர் தொடங்கும் முன்பே இரண்டு ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் துவந்த யுத்தத்துக்கு அறைகூவிக்கொண்டு வந்து நின்றார்கள். அதற்கு விதி ஏதும் இல்லாததால் நடுவரான வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைச் சமைத்தார். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நொந்துகொள்ள, வந்தவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். பின்னர் ஒரு தென்னமெரிக்கக் குடியரசை வைத்து நடந்த ஆட்டத்தில், துண்டறிக்கை பரப்ப வேண்டிய மாணவப் புரட்சியாளராக வந்த ஆர்னசன், போலிச் சிஐஏ அடையாள அட்டையைக் காட்டி எல்லோரையும் நம்பவைத்து, நாட்டின் கருவூலத்தோடு ஹெலிகாப்டரில் ஏறி, மேலிருந்து துண்டறிக்கைகளைத் தூவிக்கொண்டே பறந்துபோனார். விதிநூலில் இல்லாததையும் செய்து பார்க்கலாம் என்பதை ஆர்னசன் கற்றுக்கொண்ட இடம் அதுதான்.

ஏட்டுச்சுவடி:
ஹெலிகாப்டர் கதையை ரசித்தேன். ஆனால் வெஸ்லியின் ஆட்டத்தில் பாத்திரத்தின் வாழ்வு அன்றைய ஆட்டத்தோடு முடிந்தது. வளரும் பாத்திரம் பிளாக்மூரில்தான் வந்தது என்ற நிலவறைவாசியின் வாதத்தை அந்த அளவில் ஒப்புகிறேன். 'கைகாக்ஸே' என்பதிலுள்ள ஏகாரத்தை எடுத்துவிடுகிறேன். 'தந்தை' என்பதை எடுக்க மாட்டேன்.